சிவப்பு இல்லாத மீட்டர்

மீட்டரில் முள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு முள்ளைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு நேரம் எப்படிப் பேசுகிறார்கள்? நான் வந்தது முள்ளுக்காக இல்லை. இரண்டாவது லைனுக்காக. யாராவது ஒருவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும், சொல்லிவிட்டுப் போய்விடுவேன். ஒருவரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

சங்கமித்ரா இதில் ஒரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வாய்விட்டுப் பேசுவதை அவள் தொலைபேசிக்கென்று ஒதுக்கிப் பல வருடமாகியிருந்தது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பழைய இரும்புக் கடையின் மாடியில், வடசென்னை சிறு இணையச் சேவையாளர் முன்னேற்றச் சங்கத்தின் வேகமானித் தேர்வுக் குழு கூடியிருந்தது. கீழே கண்டெய்னர் லாரி ஒன்று கடக்கும்போதெல்லாம் டீ கிளாஸ்கள் நடுங்கின. உறுப்பினர்கள் எல்லோரும் முன்பு கேபிள் டிவி நடத்தியவர்கள். இப்போது அதே கம்பத்தில், அதே ஆட்களை வைத்து, இணையமும் நடத்தினார்கள். பெரிய கம்பெனியிடம் ஒரு லைன் வாங்குவது, அதைத் தெருத்தெருவாகப் பிரித்து விடுவது, அவ்வளவுதான் தொழில். சங்கமித்ரா வேலை செய்த அலைமகள் நெட்டும் அப்படித்தான். முதலாளி ஜெயவேலிடம் இருந்தது ஒரே லைன். வாடிக்கையாளர்கள் ராயபுரம் முழுக்க. சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் கணினியைத் திறக்கும்போது ஆளுக்குச் சொட்டுச் சொட்டாக வரும்.

இது வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலிருந்த வரைக்கும் சங்கத்துக்குப் பிரச்சினை இருக்கவில்லை. பிறகு, வேகத்தை அளந்து சொல்லும் தளங்கள் வெளிநாட்டில் இருப்பதை எவனோ கண்டுபிடித்துவிட்டான். அதில் வந்த எண்ணை அச்செடுத்துக்கொண்டு ஆட்கள் அலுவலகத்துக்கே வர ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு நாட்டின் மீட்டர் நம் வேகத்தை அளப்பதா என்று சங்கம் கொதித்தது. நமக்கென்று ஒரு மீட்டர், நம்முடைய சர்வரிலேயே, நம்முடைய அறையிலேயே வைத்துக்கொள்வதென்று தீர்மானம் போட்டது. எந்த மீட்டர் என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு. குழுவுக்குத் தொழில்நுட்ப உறுப்பினர் வேண்டும். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்த ஒரே ஆள் என்பதால் ஜெயவேல் அவளை அனுப்பிவைத்தார்.

அவளும் ஆசையோடுதான் வந்தாள். காரணம் வியாகுலம்மாள்.

அலைமகள் நெட்டில் புகார் போனை எடுப்பது சங்கமித்ராவின் வேலை. "பாக்குறோம் மேடம்." "ஆள் அனுப்புறோம் சார்." திட்டுவதற்காகப் போன் செய்தவர்கள் கடைசியில் அவளிடம் சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு வைப்பார்கள். அப்படியொரு குரல். ஜெயவேல் அதைத் தேன் என்பார். அவளுக்கோ கொஞ்ச நாளாக அந்தக் குரலைக் கண்டு பயமாக இருந்தது. போன மாதம் வீட்டில் கணவன் ரசத்தில் உப்பு இல்லை என்றபோது அவள், "பாக்குறோம்" என்றாள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் எப்போது தன்னோடு பஸ் ஏறி எம்.கே.பி. நகர் வரைக்கும் வந்தது, எப்போது அடுப்படிக்குள் நுழைந்தது என்று அன்றிரவு யோசித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

அந்தக் குரலுக்கு மசியாத ஒரே ஆள் வியாகுலம்மாள். ராயபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் போன ஆண்களின் மனைவிகள் வந்து வெப் கேமராவில் புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிற இடம். முகம் தெரியாவிட்டால் அந்தக் கடைக்கு வேலையில்லை.

"மித்ரா, உன் கொரலு கேக்கறதுக்கா நான் மாசாமாசம் துட்டு கட்றேன்?" என்றாள் ஒருநாள் போனில். "நெட்டு எங்க கண்ணு?"

"பாக்குறோம்க்கா."

"நீ பாத்துக்கினே இரு. இங்க பொம்பளைங்க பாக்க முடில. இந்த மாசம் பாப்பேன். அப்பால பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரன் பொட்டி அடுக்கறதுக்கு எடம் கேட்டுக்கினு கீறான். குட்த்துட்டு போய்கினே இருப்பேன்."

அப்போதுதான் சங்கமித்ரா சொன்னாள்: "அக்கா, ஒரு மீட்டர் போடப் போறோம். எங்க அடைப்புன்னு அதுல தெரிஞ்சிடும். தெரிஞ்சா எங்க ஓனர் ரெண்டாவது லைன் வாங்கித்தான் ஆகணும். நான் வாங்க வைக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தாள். அது தேன் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. தன்னுடையதைப் போலவே இருந்தது.

ஆகவே அவள் மூன்று மீட்டர்களைத் தேடிப்பிடித்து, ஒரு கணினியில் ஏற்றி, இரும்புக் கடை மாடிக்குத் தூக்கிவந்திருந்தாள்.

தலைவர் எத்திராஜுலு தொண்டையைச் செருமினார். "அன்பார்ந்த சேவையாளப் பெருமக்களே! வேகம் என்பது யாது? வேகம் என்பது நம்பிக்கை. நம்பிக்கை என்பது யாது? மீட்டர். ஆகவே மீட்டர் என்பதே வேகம்." கைதட்டல் அடங்கியதும் அவள் பக்கம் திரும்பினார். "போடும்மா மொதல் மீட்டர."

முதல் மீட்டர் எளிமையானது. ஒரு சின்னக் கோப்பை இறக்கிப் பார்த்து, ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நின்றது.

"முள்ளு எங்க?" என்றார் தலைவர்.

"முள் இல்ல சார். நம்பர் மட்டும்தான். ஆனா கரெக்டா சொல்லும்."

"முள்ளு இல்லாத மீட்டரு இன்னா மீட்டரு? ஆட்டோல வெச்சாகூட எவனும் நம்ப மாட்டான்."

"ஆட்டோ மீட்டர்ல முள் கிடையாது தலைவரே," என்றார் செயலாளர் காஜா மொய்தீன், குறிப்பெடுப்பதை நிறுத்தாமல்.

"அதான் எவனும் நம்பறதில்ல."

முதல் மீட்டர் தள்ளப்பட்டது. இரண்டாவது திறப்பதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டது. அது திறப்பதற்குள் கஸ்டமருக்குக் கோபம் ஆறிவிடும் என்பதால் சிலருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அளந்து முடித்ததும் அச்செடுக்க ஒரு பொத்தான் காட்டியது. "பிரிண்ட்டா? வேணவே வேணாம்," என்று எண்ணூர் உறுப்பினர் பதறினார். அதுவும் போயிற்று.

மூன்றாவதில் திரை நிறைய ஒரு வட்டம், வட்டத்துக்குள் முள், அழுத்தினால் மோட்டார் சைக்கிள் உதைக்கும் சத்தம். குழு எழுந்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஆளாளுக்கு வந்து அழுத்தினார்கள். எண்ணூர்க்காரர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார்.

ஒரே ஒரு குறை. வட்டத்தின் இடப்பக்கம் சிவப்பு, நடுவில் மஞ்சள், வலப்பக்கம்தான் பச்சை. இதற்கு வண்ணத் துணைக்குழு ஒன்று அங்கேயே அமைக்கப்பட்டது. சிவப்பைப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று துணைக்குழு டீ முடிவதற்குள் அறிக்கை கொடுத்தது. சிவப்பு எடுக்கப்பட்டது. மஞ்சள் மங்களகரமானது என்றாலும் சந்தேகத்துக்கு இடம் தருவதால் அதுவும் எடுக்கப்பட்டது. இனி முள் படுத்திருந்தாலும் பச்சையில்தான் படுத்திருக்கும்.

கேட்கமாட்டார்கள், நாமாகத்தான் சொல்ல வேண்டும் என்று சங்கமித்ராவுக்குப் புரிந்தது. எழுந்தாள்.

"சார், முள் இருக்கட்டும். மீட்டரை எங்க வைக்கிறோம்ன்றதுதான் முக்கியம். நம்ம ரூம்ல வெச்சா கஸ்டமர் வூட்ல இருந்து நம்ம ரூம் வரைக்கும்தான் அளக்கும். அந்த வழி ஓரளவு நல்லாத்தான் கீது. நம்ம ரூம்ல இருந்து வெளிய போற லைன்தான் அடைச்சிக்கினு கீது. அதை அளக்கணும்னா வெளியூர்ல ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்து அங்க ஒண்ணு வைக்கணும். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு."

எல்லோரும் திரையில் இருந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரியவில்லை போலும் என்று நினைத்து அவள் இன்னும் இறங்கி வந்தாள். "இப்ப வூட்ல இருந்து தெருமுனை வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடிடலாம். அப்பால எண்ணூர் ரோட்டுல ஹார்பருக்குப் போற கண்டெய்னர் லாரி வரிசை நிக்குது. தெருமுனையிலயே ஒருத்தனை நிக்க வெச்சா, ஆகா இன்னா வேகம்னுதான் சொல்லுவான். அவனை ஹார்பர் கேட்டுல நிக்க வைக்கணும் சார்."

எத்திராஜுலு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "யம்மா சொன்னது புரிஞ்சிச்சா?"

"புரிஞ்சிச்சி," என்றது குழு ஒரே குரலில்.

"நூத்துக்கு நூறு கரெக்ட். சும்மா சொல்லக்கூடாது, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான். வெளிய வெச்சா உண்மை தெரியும். உள்ள வெச்சா வேகம் தெரியும். நம்ம குழுவுக்கு இன்னா பேரு? வேகமானித் தேர்வுக் குழு. உண்மையத் தேட வேற குழு போட்டுக்கலாம், நிதி வரட்டும்."

அவள் உட்கார்ந்தாள். இவர்களுக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. தெரியாதவர்களிடம் சொல்லலாம். தெரிந்தவர்களிடம் என்னத்தைச் சொல்வது?

அவள் விளக்கியதில் குழுவுக்கு ஒரு புதிய உற்சாகம் பிறந்திருந்தது. மீட்டர் பக்கத்தில் வர வர வேகம் கூடும் என்பதுதானே அந்தம்மா சொன்னது? அப்படியானால் அறையில் ஏன், தெருவுக்கொன்று கம்பத்திலேயே வைத்துவிடலாமே என்றார் எண்ணூர் உறுப்பினர். கம்பம் எதற்கு, மழையில் நனையும், வீட்டுக்குள்ளேயே வைக்கலாம் என்றார் இன்னொருவர். கஸ்டமரின் கணினியிலேயே மீட்டர். அது அதே கணினியை அளந்து சொல்லும். லைன் அறுந்து தொங்கினாலும் வேகம் குறையாது என்பது இதன் தனிச்சிறப்பு என்று காஜா மொய்தீன் எழுதிக்கொண்டார். இரண்டாம் கட்டத் திட்டமாக அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. தொழில்நுட்ப ஆலோசனைக்காகச் சங்கமித்ராவுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. போண்டா வந்தது.

மறுநாள் அவள் ஜெயவேலிடம் நேராகவே கேட்டாள். "அண்ணா, ரெண்டாவது லைன் எப்ப வாங்கப் போறோம்?"

ஜெயவேல் கெட்டவர் இல்லை. அவளுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி கொடுத்திருக்கிறார். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இன்னாம்மா நீ? மீட்டரே வந்துட்ச்சி, அப்பால லைன் எதுக்கு? பச்சைல நிக்கிற முள்ள பாத்துக்கினே எவனாவது இன்னொரு லைன் வாங்குவானா? பைத்தியம்னுவான்."

"வியாகுலம்மாக்கா கடைய மூடிடுவாங்கண்ணா."

"அதுக்குத்தான் தெறப்பு விழாவையே அங்க வெச்சிக்கிறோம். ஊர்லயே பெரிய வாயி அந்தம்மாதான். அது வாயி அடங்கினா எல்லாம் அடங்கும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழா. காலையில் நடந்த ஒத்திகையில் முள் பாதியில் நின்று நடுங்கியது. தலைவர் முகம் சுருங்கியது.

"இன்னாபா இது? ஏன் மேல போவ மாட்டேன்து?"

"தெருவுல எல்லாரும் யூஸ் பண்றாங்க தலைவரே," என்றான் லைன்மேன் அறிவு.

எத்திராஜுலு பெருமூச்சு விட்டார். "இந்த கஸ்டமருங்களாலதான் நமக்கு கெட்ட பேரே."

எனவே விழா நேரத்தில் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் துண்டித்து வைப்பதென்று முடிவாயிற்று. சாயங்காலம் அறிவு கம்பத்தில் ஏறி ஒவ்வொரு வயராக உருவிக்கொண்டிருந்தான். கீழே சங்கமித்ரா வந்து நின்றதும் மேலிருந்தே கேட்டான்: "யக்கா, தெருவு பூரா இஸ்துட்டேன். வியாகுலம்மா கடைல விழா கம்ப்யூட்டர் தவிர மத்த சீட்டுங்க மட்டும் கீது. அதயும் புடுங்க சொல்றாங்க. உள்ள ஆளுங்க குந்திகினு கீறாங்களே?"

"கொஞ்சம் இரு அறிவு. நான் ஓனரைக் கேட்டுட்டு வரேன்."

கடை வாசலில் தோரணம் கட்டியிருந்தது. வியாகுலம்மாள் நல்ல சேலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து நின்றாள். மாதா படத்துக்குக் கீழே முதல் கணினியின் மானிட்டருக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். அதை அவள் கண்டுகொள்ளவில்லை. சங்கமித்ராவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லைன் வந்துட்ச்சா கண்ணு? ஐஸ் கம்பெனிக்காரனாண்ட இல்லனு சொல்லிட்டேன். நீ சொன்னியேன்னு."

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள்ளிருந்து அந்தத் தேன் குரல் முந்திக்கொண்டு வந்தது. "பாக்குறோம்க்கா."

வியாகுலம்மாள் கையை விட்டுவிட்டாள். வேகமாக விடவில்லை. மெல்ல, ஒவ்வொரு விரலாக.

உள்ளே ஜன்னலோரத் தடுப்பில் அஜீசுன்னிசா உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. திரையில் அவன் முகம் இருந்தது, கட்டம் கட்டமாக, ஆனாலும் முகம்தான். "கேக்குதா? ஏங்க, கேக்குதா?" என்று அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

சங்கமித்ரா கேட்டுவிட்டு வருவதற்குள் தலைவர் வந்துவிட்டார். சால்வைகள் போர்த்தப்பட்டன. தேங்காய் உடைந்தது. லோக்கல் சேனல் கேமராக்காரன் விளக்கைப் போட்டான். ஜெயவேல் வாசலிலிருந்து மேலே பார்த்துக் கையை அசைத்தார். அறிவு உருவினான். எத்திராஜுலு மோதிரக் கையால் மவுஸை அழுத்தினார்.

மோட்டார் சைக்கிள் உறுமியது. முள் ஒரே பாய்ச்சலில் வட்டத்தின் கடைசிக்குப் போய் இடித்துக்கொண்டு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். கேமராக்காரன்கூட ஒரு கையால் தொடையில் தட்டினான்.

பக்கத்துத் திரையில் துபாய்க்காரன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். ஏதோ சொல்ல வந்த வாய். அஜீசுன்னிசா திரையை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தாள், தூங்குகிறவனை எழுப்புவது போல.

"முள்ளு ஓடுது," என்றாள் வியாகுலம்மாள். "ஆளு நின்னுட்டாரே?"

கைதட்டல் கொஞ்சம் தடுமாறியது.

"காசிமேட்டுல மீன் விக்கிறவ தராசுல ஒரு விரல வெச்சி அமுக்குவா. அதுக்கே நான் சண்ட போடுவேன். நீங்க இன்னாடான்னா தராசையே மடில வெச்சிக்கினு வந்துகீறீங்க."

தலைவர் கோபப்படவில்லை. விழா மேடைகளில் பழகியவர். மைக்கை வாங்கிக்கொண்டார். "தாய்மார்களின் ஐயம் நியாயமானதே! முள் ஓடுகிறது, முகம் ஓடவில்லையே என்கிறார்கள். நம் சங்கம் முள்ளுக்குப் பொறுப்பு. முகம் எங்கே இருக்கிறது? துபாயில். துபாய் நம்ம லிமிட்லயே வராதும்மா." பிறகு குரலை உயர்த்தினார். "இப்படி ஐயப்படும் மக்களுக்காக இன்னொரு புரட்சி! இன்றுமுதல் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நம் உறுப்பினர்கள் அனைவரின் புகார் தொலைபேசியிலும் ஒரே குரல் பதில் சொல்லும். இரவு பகல் பாராத தானியங்கிக் குரல். அந்தக் குரல் யாருடையது? மக்களின் நம்பிக்கையைப் பெற்ற நம்ம சங்கமித்ரா அம்மாவுடையது!"

அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. காஜா மொய்தீன் ஒரு தாளை நீட்டினார். மைக் அவள் கைக்கு வந்தது. ஜெயவேல் காதோரம் குனிந்தார். "ரெண்டே வரிதான் மித்ரா. படிச்சிடு. அடுத்த மாசம் நீதான் சூப்பர்வைசரு. தலைவரே சொல்லிட்டாரு."

"படிக்கலன்னா?"

அவர் சிரித்தார். "படிக்கலன்னா போன் எடுக்க ஆளே எதுக்கும்மா? அதான் மிஷின் வருதுல்ல."

தாளில் அழகான கையெழுத்தில் இருந்தது: வணக்கம். தங்கள் பகுதியில் இணைய வேகம் மிகச் சிறப்பாக உள்ளது. கோளாறு தங்கள் கணினியில் உள்ளது. நன்றி.

அவள் அதை மனத்துக்குள் படித்துப் பார்த்தாள். எவ்வளவு நன்றாக வரும் என்று அவளுக்கே தெரியும். 'வணக்கம்' என்பதில் லேசாக ஒரு சிரிப்பு. 'கோளாறு' என்ற இடத்தில் சின்ன வருத்தம். முகத்துவாரக்குப்பத்தில் ஒருத்தி போனை எடுப்பாள், இந்தக் குரல் சொல்லும். அவள் திட்டுவாள், இந்தக் குரல் மறுபடியும் அதையே அதே பரிவோடு சொல்லும். நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் சொல்லும். வேலையை விட்டுவிட்டாலும் சொல்லும். இதுவரைக்கும் 'பாக்குறோம்' என்றாவது சொல்லிக்கொண்டிருந்தேன். பார்க்காவிட்டாலும், பார்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது என்று அதில் ஒரு ஒப்புதல் இருந்தது. இதில் அதுவும் இல்லை.

கேமரா விளக்கு முகத்தில் சுட்டது. வியாகுலம்மாள் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தாள். கோபம் இல்லை. காது கொடுத்துக் கேட்கப் போகிறவளின் முகம். ஜன்னலோரத்தில் அஜீசுன்னிசா இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"ம், ஆரம்பி," என்றார் காஜா மொய்தீன்.

அவள் பேசவில்லை.

"மைக் ஆன்ல கீதா பாருபா," என்றார் தலைவர். மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். ஆனில்தான் இருந்தது.

"தொண்ட கட்டிகிச்சி போல," என்றார் ஜெயவேல் எல்லோருக்கும் கேட்கும்படி. "சுடுதண்ணி எட்த்தா." யாரோ சுடுதண்ணீருக்கு ஓடினார்கள். ஒருவர் பையிலிருந்து விக்ஸ் மிட்டாய் எடுத்து நீட்டினார். தலைவர் தம் சால்வையைக் கழற்றி அவள் கழுத்தில் சுற்றலாமா என்று யோசித்ததாகத் தெரிந்தது.

சங்கமித்ரா தாளை மடித்துக் காஜா மொய்தீனின் சட்டைப் பையில் வைத்தாள். மைக்கைத் தேங்காய் மூடிகளுக்குப் பக்கத்தில், அது உருண்டுவிடாதபடி பார்த்து வைத்தாள்.

"தொண்டை நல்லாத்தான் கீது சார்," என்றாள். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. "என் குரலை இதுக்குக் குடுக்க மாட்டேன்."